மாலத்தீவுக்கு அறை போடும் முன் படகைப் பாருங்கள்

மாலத்தீவுப் பயணத்தில் பலர் முதலில் அறையைத் தேடுகிறார்கள், பிறகு விமானம், கடைசியில் படகு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டால் பணமும் மிஞ்சும், ஒரு நாளும் மிஞ்சும்.

வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்கும் வேலனா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. 2018இல் திறந்த சினமாலே பாலம் அதைத் தலைநகர் மாலேவோடும் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேவோடும் இணைக்கிறது. அதைத் தாண்டி எங்கே போவதென்றாலும் படகு வேண்டும், அல்லது விமானம் வேண்டும். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். தூரத் தீவுகளுக்கான ஸ்பீட்போட்டுகளும் மாலை 4 மணியை ஒட்டி நின்றுவிடுவது வழக்கம். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாலை 6 மணிக்கு இறங்கும் விமானத்தில் டிக்கெட் எடுத்தால், அன்றிரவு ஹுல்ஹுமாலேவில் ஓர் அறை, மறுநாள் காலை மீண்டும் படகுத்துறை என்று அந்த மலிவு கரைந்துபோகும். மதியம் 1 மணிக்குள் இறங்கும் விமானமே பாதுகாப்பு. குடிவரவு முடித்துப் பெட்டியை எடுத்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெள்ளிக்கிழமையில் இறங்குவதைத் தவிர்க்கப் பாருங்கள். அன்று அரசுப் பயணிகள் படகு பெரும்பாலும் ஓடாது, தனியார் ஸ்பீட்போட்டுகளும் குறைவு. மற்ற நாட்களில் அரசுப் படகு மிக மலிவுதான். ஆனால் மாலேவிலிருந்து மாஃபுஷி தீவுக்குப் போகவே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், புறப்படுவது விமான நிலையத்திலிருந்தும் அல்ல. குழந்தைகளோடும் பெட்டிகளோடும் போகிறவர்கள் ஸ்பீட்போட்டில் போவதே நல்லது. மாஃபுஷிக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆளுக்கு 25 டாலரை ஒட்டி ஆகும். தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள திகுராவுக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் அதைப் போல இரு மடங்குக்கும் மேல். கெஸ்ட்ஹவுஸ்காரர்களே வாட்ஸ்அப்பில் இடம் பதிந்து தருவார்கள். படகின் பெயர், புறப்படும் நேரம், போக வரக் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு அங்கே நல்ல காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், தண்ணீருக்கடியில் தெளிவாகத் தெரியும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அக்டோபர் வரை மழையும் அலையும் விட்டுவிட்டு வரும், விலை இறங்கும். பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் போய்வருவது நல்லது. அரையாண்டு விடுமுறை சரியாகக் கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு மோதும். ஆண்டிலேயே அறை விலை உச்சத்தில் இருப்பது அப்போதுதான். ஜனவரி இரண்டாம் வாரம் பொங்கலை ஒட்டிப் போனால் அதே வெயில், குறைந்த விலை.

ரமலான் மாதத்தில் உள்ளூர்த் தீவுகளில், அதாவது ரிசார்ட் அல்லாத, மக்கள் வாழும் தீவுகளில், உணவகங்கள் பகலில் மூடியிருக்கும். 2027இல் அது பிப்ரவரி முற்பகுதியில் தொடங்கும். கெஸ்ட்ஹவுஸில் மதிய உணவு தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மன்டா திருக்கைகளைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரைதான் போக வேண்டும். தென்மேற்குக் காற்று திரட்டித் தரும் மிதவை உயிரிகளைத் தேடி அவை பா பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் கூடும். பக்கத்திலிருக்கும் தரவந்தூ தீவில் தங்கலாம். அந்த விரிகுடாவில் ஸ்கூபா தடை, ஸ்நார்கலிங் மட்டுமே.

எந்தத் தீவு

மாஃபுஷி முதல் முறைக்கு வசதி. கடை, உணவகம், சுற்றுலாப் படகு எல்லாம் கிடைக்கும். ஆனால் சுற்றுலாக் கடற்கரை சிறியது, கூட்டம் அதிகம். பவளம் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். திகுராவில் முனையில் நீண்ட மணல்திட்டு இருக்கிறது; திமிங்கலச் சுறாவை ஆண்டு முழுவதும் தேடிப் போகக்கூடிய கடல்பகுதி அருகில். அமைதியும் சுத்தமும் வேண்டுமென்றால் உகுல்ஹாஸ். அலைச்சறுக்கு ஆட்கள் துலுஸ்தூவுக்குப் போவார்கள்.

விளம்பரப் படத்தை நம்பாமல் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கரையை ஒட்டி வெளிர் பச்சை அகலமாக இருந்தால் அது ஆழமில்லாத மணல் களப்பு. குழந்தைகளுக்கு ஏற்றது, மீன் பார்க்க ஒன்றுமிருக்காது. வெளிர் நிறம் குறுகி, சட்டென்று கருநீலம் தொடங்கினால் அந்த விளிம்பில் பவளத்திட்டு இருக்கும். கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம். துறைமுகச் சுவரும் மண் கொட்டி மேடாக்கிய பகுதியும் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். அந்தப் பக்கத்து அறையை எடுக்காதீர்கள்.

பில்லில் கூடுவது

இணையத்தில் 60 டாலர் என்று காட்டும் அறைக்கு, அது வரி சேராத விலையாக இருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்து 66 ஆகும். அதன் மேல் 17 சதவீத சுற்றுலா வரி சேர்ந்து 77 டாலர் 22 சென்ட். இதற்கும் மேல் பசுமை வரி: 50 அறைகள் வரை உள்ள கெஸ்ட்ஹவுஸில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், பெரிய விடுதியிலும் ரிசார்ட்டிலும் 12 டாலர். நான்கு பேர் நான்கு இரவு தங்கினால் பசுமை வரி மட்டும் 96 டாலர். இது தலைக்கணக்கு என்பதால் ஒரே அறையில் நெருக்கிப் படுத்தாலும் குறையாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எல்லா வரியும் சேர்த்து, எங்கள் நால்வருக்கும், மொத்தம் எவ்வளவு?"

டாலர் நோட்டுகள் கிழிசல், கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும். உள்ளூர்ப் பணமான ருஃபியாவை ஊருக்கு எடுத்து வந்தால் மாற்ற முடியாது, கொஞ்சமாக மாற்றுங்கள்.

நுழைவும் சுங்கமும்

சுற்றுலா விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசு இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, தனித்தனிப் படிவம் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

மதுவும் பன்றியிறைச்சியும் வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுபோகக் கூடாது. பையிலேயே சின்னப் பிள்ளையாரை வைத்திருப்பவர்கள் வீட்டில் எடுத்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். மின்சிகரெட்டுக்கு 2024 முதல் தடை. உள்ளூர்த் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடையும் அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்தான். தெருவில் தோளும் தொடையும் மூடியிருக்க வேண்டும்.

சைவ உணவுக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காலை உணவான மாஸ் ஹுனி தேங்காய்ப்பூ போலவே இருக்கும், உள்ளே சூரை மீன். நம் கடைகளில் மாசிக்கருவாடு என்று விற்பதை அங்கே பல குழம்புகளில் தூவுவார்கள். "மீனும் மாசியும் எதிலும் வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் பருப்பும் காய்கறியும் செய்து தருவார்கள்.

தண்ணீரில்

விபத்து பெரும்பாலும் நீரோட்டத்தால் வருகிறது. தீவுகளுக்கிடையிலுள்ள வாய்க்கால் வழியாகக் கடல் ஏற்ற இறக்கத்தோடு உள்ளும் புறமும் ஓடும். மேலே பார்த்தால் கண்ணாடிபோல இருக்கும், கீழே இழுக்கும். இறங்கியதும் கையையும் காலையும் அசைக்காமல் ஒரு நிமிடம் மிதந்து, கீழே ஒரு பவளத்தைக் குறிவைத்துப் பாருங்கள். அது நகர்ந்தால் நீங்கள்தான் நகர்கிறீர்கள். ஓட்டம் லேசாக இருந்தால் முதலில் அதை எதிர்த்து நீந்துங்கள், திரும்பும்போது அதுவே இறங்கிய இடத்துக்குக் கொண்டுவரும். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்துப் போராடாதீர்கள். ஓட்டத்துக்குக் குறுக்காக நீந்தி வெளியே வாருங்கள். தனியாக இறங்கவே கூடாது. நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு, வழிகாட்டி கையில் வைத்திருக்கும் மிதவையைப் பிடித்தபடி பார்க்கலாம். ஊரிலேயே நீச்சல்குளத்தில் மல்லாந்து மிதக்கவும் குழாய் வழியாக மூச்சுவிடவும் பழகிக்கொண்டு போனால் அங்கே பயம் பாதியாகக் குறையும்.

முகக்கண்ணாடியை வாடகைக்கு எடுக்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. மீசை வழியாகத் தண்ணீர் கசியும். மேலுதட்டில் கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுத்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் முதுகு வெந்துவிடும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். காலும் கிழியும், பல ஆண்டுகள் வளர்ந்த உயிரும் சாகும்.

ஸ்பீட்போட்டில் பின்வரிசையில் உட்காருங்கள். முன்பகுதிதான் அலையில் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் மழைக்காலத்தில் நீண்ட படகுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. குமட்டல் மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டுப் பயனில்லை.

ஸ்கூபா செய்தவர்கள் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையில் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள், விட வேண்டும். கடல் விமானமும் இந்தக் கணக்கில் சேரும். திரும்பும் நாளில் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தை அடையும் படகைப் பிடியுங்கள். இமுகா படிவம் புறப்பாட்டுக்கும் ஒருமுறை தேவை. பெட்டியை மூடும் முன் குழந்தைகளின் பைகளைக் கொட்டிப் பாருங்கள். சிப்பி, பவளத்துண்டு, மணல் எதையும் நாட்டைவிட்டு எடுத்துப்போகக் கூடாது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.