பழைய பேஸ் கிட்டார்: நம் கடற்கரையில் துருவைப் பார்த்து வயசு சொல்லாதீர்கள்

போன ஐப்பசியில் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அண்ணன், பழைய போர்வையில் சுற்றிய பேஸ் கிட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இது எங்க அப்பா கொழும்புல வாசிச்சது. தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியே கப்பல்ல வந்தது. ஃபெண்டராம், லட்சக்கணக்குல போகும்னு சொல்றாங்க, பார்த்துச் சொல்லு" என்றார். ஃபெண்டர் என்பது பெயர் பெற்ற அமெரிக்க கிட்டார் கம்பெனி. ஸ்ட்ரிங்கின் அடி முனையைத் தாங்குகிற பிரிட்ஜ் செங்கல் நிறத்துக்குத் துருப்பிடித்திருந்தது, ஸ்ட்ரிங் முறுக்குகிற சாவிகளில் பச்சைக் களிம்பு, பாடியில் பெயின்ட் தேய்ந்து கை வைக்கிற இடத்தில் மரம் தெரிந்தது. பார்த்தவுடன் அறுபது வருஷப் பொருள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கேதான் முதல் தவறு ஆரம்பிக்கிறது. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையில் எங்கே வைத்தாலும் இரும்பு சீக்கிரம் கிழடாகும். உப்புக்கு ஒரு குணம் உண்டு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே தண்ணீரை இழுத்து நீர்த்துப் போகும். பிரிட்ஜின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கிற உப்பு ராத்திரியில் நனைந்து, பகலில் காய்ந்து, மறுபடி நனைந்து, முலாம் பூசிய இரும்பை அரித்துவிடும். கடலைப் பார்த்த வீட்டில் கவர் போடாமல் இரண்டு வாடைக்காலம் தொங்கவிட்ட புத்தம்புது பேஸில், பிரிட்ஜ் ஸ்க்ரூ திருப்புளிக்கே பிடி கொடுக்காமல் போனதை நான் என் கையால் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் உலர்ந்த ஊரில் இருந்த 1962 பேஸ் இதைவிடப் பளபளப்பாக இருக்கும். அதனால் துரு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தானாகப் பிடித்த துரு ஒரே சீராக இருக்காது. கை படுகிற இடம், வேர்வை வடிகிற இடம், காற்று படுகிற இடம் எல்லாம் அதிகமாகவும், மூடிக்கு அடியில், ஸ்க்ரூவின் மரத்துக்குள் போன பகுதியில் குறைவாகவும் இருக்கும். பழசு மாதிரி காட்ட ஆசிட் வைத்திருந்தால் ஒளிந்திருக்கிற இடத்திலும் அதே அளவு, அதே நிறம் தெரியும். இன்னொன்று, நெக்கில், அதாவது நீளமான கைப்பிடிப் பகுதியில், குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் கம்பி வழக்கமாகச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை, அதில் இரும்பு கிடையாது. அது பச்சையாகும், கறுக்கும், செந்துரு பிடிக்காது. ஃப்ரெட்டில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்ட்ரிங்கிலிருந்து ஒட்டியது, துணியால் துடைத்தால் போய்விடும். அதைப் பார்த்து ஃப்ரெட் போலி என்று முடிவு கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது வீட்டுக் கதை. எனக்கு இந்தக் கதைகள் மேல் மரியாதை உண்டு, யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஆனால் நம் பக்கத்தில் எல்லாப் பழைய ஞாபகமும் 1964 டிசம்பர் புயலில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒன்று புயலுக்கு முன், இல்லையென்றால் புயலுக்குப் பின். புயலோடு தனுஷ்கோடி கப்பல் நின்றாலும், அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இலங்கையில் போர் மூண்ட பிறகுதான் நின்றது. ஆக, கப்பலில் வந்தது என்றால் புயலுக்கு முந்தியது என்று ஆகிவிடாது. கதையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பொருளைத் திறந்து பார்க்காமல் அதற்கு விலை வைக்காதீர்கள்.

மூன்றாவது, சீரியல் நம்பரை ஜாதகம் மாதிரி நம்புவது. ஃபெண்டரில் 50களின் நடுவிலிருந்து 1976 வரைக்கும் நம்பர், நெக்கை பாடியோடு பிடித்திருக்கிற தகட்டில்தான் இருக்கும், அதற்கு அப்புறம் தலைப்பகுதிக்கு மாறியது. பெரும்பாலான மாடல்களில் அந்தத் தகட்டைப் பிடித்திருப்பது நாலே நாலு ஸ்க்ரூ. ஐந்து நிமிஷத்தில் கழற்றி வேறு பேஸில் மாட்டிவிடலாம், பழைய நம்பர் பொறித்த போலித் தகடுகளே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அசல் தகடாகவே இருந்தாலும், தொழிற்சாலையில் அவற்றை வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை, அதனால் நம்பரைக் கொண்டு சரியான வருஷத்தைச் சொல்ல முடியாது. கிப்சன் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியில் இன்னும் மோசம், 60களில் ஒரே நம்பரை வேறு வேறு வருஷங்களில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

ஒரு கம்பெனியின் நம்பரை இன்னொரு கம்பெனியின் அட்டவணையில் வைத்துப் படிப்பதுதான் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கிற தவறு. அந்த அண்ணனின் பேஸில் தலையில் இருந்த பெயரை யாரோ எப்போதோ சுரண்டியிருந்தார்கள். தகட்டில் E79 என்று ஆரம்பிக்கிற நம்பர். ஃபெண்டர் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் E என்பது 80களைக் காட்டும், புயலுக்கு முந்தியது என்ற பேச்சும் அங்கேயே அடிபட்டுவிடும், அதைப் பார்த்த ஒரு வியாபாரி "போலி, ரெண்டாயிரம் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் பாடிதான் ஃபெண்டர் ஜாடை, தலையின் வெட்டு ஃபெண்டருடையதே இல்லை. ஜப்பானில் செய்த இபானெஸ் கிட்டார்களில் 70களின் நடுவிலிருந்து முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு எண் வருஷம். A என்றால் ஜனவரி, L என்றால் டிசம்பர். அப்படிப் படித்தால் E79 என்பது 1979 மே மாதம். நெக்கைக் கழற்றிப் பார்த்தோம், வால்யூம், டோன் கன்ட்ரோல், ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப், மர வேலை எல்லாமே அந்தக் காலத்து ஜப்பான் வேலைதான், நம்பரோடு ஒத்துப்போனது. ஃபெண்டர் இல்லைதான், ஆனால் போலியும் இல்லை. அது நல்ல, அசலான பொருள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அந்தக் காலத்து ஜப்பான் பேஸ் எதைப் பார்த்தாலும் 'லாசூட்', அதாவது வழக்கு, என்று பெயர் வைத்து விலை ஏற்றுகிறார்கள். உண்மையில் 1977இல் கிப்சனின் தாய்க் கம்பெனி, இபானெஸை அமெரிக்காவில் விற்றவர்கள் மேல் போட்ட வழக்கு அது, தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, அமெரிக்கப் பொருள் என்றே சொல்லி ஒன்று வருகிறது, எதை நம்புவது? ஒரே சாட்சியை நம்பாமல் நாலைந்து சாட்சிகளை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி நெக்கைக் கழற்றினால் அடிப்பக்கத்தில் பென்சிலில் எழுதிய தேதியோ முத்திரையோ இருக்கலாம், ஃபெண்டரில் 1962 வாக்கில் பென்சில் போய் முத்திரை வந்தது. அது நெக் செய்த நாள், பேஸ் முழுசாகச் சேர்ந்த நாள் சில மாதம் தள்ளியே இருக்கும். அப்புறம் வால்யூம், டோன் கன்ட்ரோல்களின் உடம்பில் ஒரு எண் குத்தியிருப்பார்கள். 137 என்று ஆரம்பித்தால் சி.டி.எஸ். கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். உதாரணத்துக்கு 1376532 என்றால் சி.டி.எஸ்., 1965, முப்பத்திரண்டாவது வாரம். இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: கன்ட்ரோல் எண் 'இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது' என்பதை மட்டும்தான் சொல்லும், 'இந்த வருஷம்தான் செய்தது' என்று சொல்லாது. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். கம்பெனி ஃபெண்டரை வாங்கிய பிறகு கன்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள், 1966 எண் போட்ட கன்ட்ரோல் அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துச் செய்த கிட்டாரிலும் இருக்கும். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு '66 பேஸ்' என்று விற்பவரிடம் நெக்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

மாடலின் அம்சங்களும் வருஷத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தது, இரண்டாகப் பிளந்த பிக்கப் 1957இல்தான் வந்தது. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தது, அதில் நெக்கின் விரல் பலகையில் கட்டம் கட்டமாகப் பதித்த முத்துச் சிப்பி மாதிரி அடையாளம் 1966இல்தான் வந்தது. '1961 ஜாஸ் பேஸ்' என்று சொல்லிக் கட்டம் பதித்த நெக்கைக் காட்டினால் நெக்கு மாறியிருக்கிறது, இல்லையென்றால் வருஷம் மாறியிருக்கிறது. அளவு நாடா கையில் இருக்கட்டும். ஃபெண்டரின் இந்த இரண்டுக்கும் நட்டிலிருந்து (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காருகிற பள்ளக் கட்டை) பிரிட்ஜ் வரை 34 அங்குலம். நட்டின் அகலம் பழைய பிரிசிஷனில் 1¾ அங்குலம், ஜாஸில் 1½. ஜெர்மன் கம்பெனி ஹாஃப்னரின் வயலின் வடிவ பேஸ் 30 அங்குலம்தான்.

இப்போது எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இருபது வயசில் ஒரு கோயில் குழுவின் பழைய பேஸை ரிப்பேர் பார்க்கக் கொடுத்தார்கள். கன்ட்ரோலில் துரு மூடி எண் தெரியவில்லை, உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டேன். துருவோடு எண்ணும் போனது. அந்தப் பேஸ் எந்த வருஷத்துப் பொருள் என்று சொல்ல இருந்த ஒரே நல்ல சாட்சியை நானே அழித்துவிட்டேன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், தேய்க்காதீர்கள். பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டி, செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், பள்ளமாகக் குத்திய எண் நிழலாகத் தெரியும். அப்படியே நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வையுங்கள்.

பெயின்டும் அப்படித்தான். விற்பதற்கு முன் 'கொஞ்சம் பார்வையா இருக்கட்டும்' என்று பைக் பெயின்டரிடம் கொடுத்து பளபளவென்று அடித்து வாங்கி வருகிறார்கள். பழைய பேஸுக்கு மறு பெயின்ட் அடித்தால் விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. தேய்ந்த அசல் பெயின்ட்தான் காசு. யாரோ முன்பே அடித்துவிட்டார்களா என்று பார்க்க, பாடியின் முன்பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றுங்கள். 60களின் நடுப்பகுதி வரை ஃபெண்டரில் பெயின்ட் காயும்போது பாடியைத் தாங்க சின்ன ஆணிகள் அடித்துப் பிடுங்குவார்கள், அந்த ஓட்டைகளுக்குள் பெயின்ட் இருக்கக் கூடாது. ஓட்டையே காணோம் என்றாலும், உள்ளே பெயின்ட் இறங்கியிருந்தாலும் சந்தேகப்படலாம். பிக்கார்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தில் நிறம் அடர்த்தியாகவும் வெளியே வெளுத்தும் இருப்பது நல்ல அறிகுறி. தின்னர் தொட்ட துணியால் முன்பக்கத்தில் தேய்த்துச் சோதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய லாக்கர் பெயின்டாக இருந்தால் அந்த இடத்தில் கரைந்தே போகும், அப்புறம் அழுதும் பிரயோஜனம் இல்லை.

60களின் தொடக்கத்து ஆமை ஓட்டு நிற பிக்கார்டுகள் செல்லுலாய்டில் செய்தவை. விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும், ஏனென்றால் செல்லுலாய்டு செய்யக் கற்பூரம்தான் சேர்ப்பார்கள். காலப்போக்கில் அது சுருங்கி ஸ்க்ரூ ஓரங்களில் விரிசல் விடும், அதுவும் வயசின் அடையாளம். தீக்குச்சி வைத்துச் சோதிக்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டவே வேண்டாம், பொசுக்கென்று பற்றிக்கொள்ளும், கையும் போகும் கிட்டாரும் போகும்.

வேலை செய்யாத பாகத்தைத் தூக்கிப் போடுவது அடுத்த பெரிய நஷ்டம். நம் உப்புக் காற்றில் பிக்கப்புக்குள் இருக்கிற தலைமுடி மாதிரியான செம்புக் கம்பி அரித்து அறுந்துபோகும். பிரிசிஷன் பிக்கப்பில் மீட்டர் வைத்தால் பொதுவாக 10 கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும், ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. புதுசு மாட்டிக்கொள்ளுங்கள், வாசிக்க வேண்டுமே, ஆனால் பழசைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். துருப்பிடித்த ஸ்க்ரூ, உடைந்த குமிழ், கிழிந்த பெட்டி, எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் அதே கிட்டாரோடு வைத்திருங்கள். வாங்குகிறவருக்கு அந்த டப்பா பெரிய நம்பிக்கை.

விலை கேட்கிறவர்கள் இணையத்தில் ஒருவர் கேட்கிற விலையைப் பார்த்துவிட்டு அதையே தங்கள் விலையாக நினைத்துக்கொள்கிறார்கள். கேட்கிற விலைக்கு எல்லை கிடையாது. ரிவெர்ப், ஈபே மாதிரி இணைய விற்பனைத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பார்க்க வழி இருக்கிறது, அதே மாடல், அதே வருஷம், அதே அளவு அசல் பாகம் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். டாலரை அப்படியே ரூபாயால் பெருக்காதீர்கள், அனுப்புகிற செலவும் சுங்கமும் நடுவில் நிற்கும். வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் மரத்தையும் கவனியுங்கள். 60களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் விரல் பலகைகளில் பிரேசில் ரோஸ்வுட் உண்டு, அது 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு வந்தவற்றில் அதிகம் இருப்பது நம் ஈட்டி மரம், 2019 நவம்பரிலிருந்து முழுசாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அந்த மரத்தைப் பொறுத்தவரை சைட்டிஸ் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருக்கிறது.

அந்த அண்ணனிடம் 1979 என்று சொன்னபோது முகம் வாடியது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா கடைசியா வந்தது எண்பத்திரண்டுல" என்று அவரே சொன்னார். மறுநாள் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ கொண்டுவந்தார், கோயில் திருவிழா மேடையில் அப்பா இதே பேஸோடு நிற்கிறார், பாடியில் தேய்ந்த இடம்கூட அப்படியே தெரிகிறது. போட்டோவின் பின்னால் 1983 என்று பேனாவில் எழுதியிருந்தது. போட்டோவையும், நான் எழுதிக் கொடுத்த சீட்டையும், கழற்றிய பழைய ஸ்க்ரூக்களையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினோம். ரெண்டாயிரம் பேசிய வியாபாரி இப்போது வாரம் ஒரு தடவை போன் செய்கிறாராம்.