சுருள் முடி நாய்க்கு வீட்டிலேயே முடி வெட்ட என்ன வாங்குவது, எதை முதலில் வாங்குவது

எல்லோரும் முதலில் கேட்பது எந்த மெஷின் நல்லது என்றுதான். நான் முதலில் ஒரு ஸ்டீல் சீப்பு வாங்கச் சொல்வேன். கைப்பிடி இல்லாமல் நீளமாக, ஒரு பாதியில் பற்கள் நெருக்கமாகவும் மறுபாதியில் இடைவெளி விட்டும் இருக்குமே, அந்தச் சீப்பு. பூடில், பிச்சான் ஃப்ரீஸே, லகோட்டோ, லாப்ரடூடில், காக்கபூ மாதிரி நாய்களுக்கு உதிர்கிற முடி பெரும்பாலும் தரைக்கு வராது. சுருளுக்குள்ளேயே சிக்கி, பக்கத்து முடியோடு பின்னி, தோலை ஒட்டிச் சடை பிடித்துவிடும். மேலாகத் தடவினால் பஞ்சு போலத்தான் தெரியும், விரலை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் அடியில் கம்பளி போல ஒரு கெட்டியான படலம் இருப்பது புரியும். எந்த மெஷினும் திணறுவது அந்தப் படலத்தில்தான். மோட்டார் சரியில்லை என்று நினைத்து அடுத்த பெரிய மெஷினை வாங்குகிறவர்களுக்குப் பல நேரம் குறை மெஷினில் இல்லை, சீவாத முடியில் இருக்கிறது.

சீப்போடு ஒரு ஸ்லிக்கர் பிரஷ்ஷும் வேண்டும், வளைந்த மெல்லிய கம்பிகள் கொண்டது. முடி நீளமாக வைத்திருப்பவர்கள் கம்பி நீளமாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், குட்டைக் கம்பி மேல்பரப்பை மட்டும் அழகாக்கிவிட்டு அடியை அப்படியே விட்டுவிடும். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக பிரஷ் செய்து, ஒவ்வொரு வகிடாக மேலே போக வேண்டும். கையை அழுத்தாதீர்கள், கம்பி தோலைக் கீறிவிடும். முடிந்ததும் சீப்பை வேர் வரை விட்டு இழுங்கள். தங்கு தடையில்லாமல் வந்தால்தான் அந்த இடம் வெட்டத் தயார். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம், தொடை இடுக்கு, இந்த நான்கையும் இரண்டு தடவை பாருங்கள்.

இப்போது மெஷினுக்கு வருவோம். மனிதர்களுக்கான டிரிம்மரை வைத்து ஆரம்பிக்கலாமா என்றால், வேண்டாம். என் நாய்க்கு நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதுகில் பாதி போவதற்குள் முடி அடைத்து நின்றது, விடாமல் ஓட்டியதில் பிளேடு சூடாகி, வயிற்றுப் பக்கம் தோல் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பு ஆறிவிட்டது, ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குவது மாற மாதக்கணக்கில் ஆனது. அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாய்களுக்கான மெஷினில் இரண்டு வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, பிளேடைக் கழற்றி மாட்டுகிற வகை. ஏ5 என்று சொல்வார்கள். ஆண்டிஸ், ஆஸ்டர், வால் (Wahl) என்று பல நிறுவனங்களின் ஏ5 பிளேடுகள் ஒன்றின் மெஷினில் மற்றொன்று பெரும்பாலும் பொருந்தும், ஆகவே மெஷின் ஒரு நிறுவனம், பிளேடு வேறு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரே பிளேடில் ஒரு சின்ன நெம்புகோலை நகர்த்தி ஐந்து அளவு மாற்றுகிற 5-இன்-1 வகை. எடை குறைவு, சத்தமும் குறைவு, முகத்துக்கும் பாதத்துக்கும் மிக வசதி. சின்ன நாய், வாராவாரம் சீவுகிற வீடு என்றால் 5-இன்-1 மட்டுமே போதும். பெரிய நாய், அடர்த்தியான முடி, அல்லது அவ்வப்போது சடை பிடிக்கவிட்டுவிடுகிற வீடு (நம்மில் பலர் அப்படித்தான்) என்றால் ஏ5 வாங்குங்கள், 5-இன்-1 அந்த வேலைக்குத் தாங்காது.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை அசைவு என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், நல்ல மெஷின்கள் 3000 முதல் 4500 வரை இருக்கும். இரண்டு வேகம் உள்ளதாகக் கிடைத்தால் நல்லது, உடம்புக்கு வேகமாகவும் பயப்படுகிற இடங்களுக்கு மெதுவாகவும் ஓட்டலாம். வேகம் கூடினால் பிளேடு சீக்கிரம் சூடாகும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். வயர் உள்ளதா இல்லாததா என்பது உங்கள் நாயைப் பொறுத்தது. சுற்றிச் சுற்றி வருகிற நாய்க்கு வயர் தொந்தரவுதான், ஆனால் பேட்டரி பாதி முதுகில் தீர்ந்துபோனால் அது அதைவிடத் தொந்தரவு. கையில் பிடித்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் பிடித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் பிடித்திருக்கப் போகிற சாமான் அது.

பிளேடு நம்பரில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். நம்பர் கூடக் கூட முடி குட்டையாகும். 10 என்றால் 1.5 மில்லிமீட்டர் முடி மிஞ்சும், 30 என்றால் 0.5, 40 என்றால் 0.25 தான். அந்தப் பக்கம் 7எஃப் 3.2, 5எஃப் 6.3, 4எஃப் 9.5 மில்லிமீட்டர். மனிதர்களுக்கான மெஷினில் மாட்டும் சீப்பு நம்பர் இதற்கு நேர் எதிர், அங்கே நம்பர் கூடினால் முடி நீளம். இந்தக் குழப்பத்தில் மொட்டையான நாய்கள் நிறைய. எஃப் என்ற எழுத்து இருந்தால் பற்கள் எல்லாம் ஒரே நீளம், வெட்டு வழவழப்பாக வரும். எஃப் இல்லாத 4, 5, 7 பிளேடுகளில் ஒரு பல் நீளம், ஒரு பல் குட்டை என்று மாறி மாறி வரும். அந்த இடைவெளியில் மெல்லிய தோல் புகுந்து வெட்டுப்படலாம், அதனால் கை பழகும் வரை அதைத் தொடவே தொடாதீர்கள்.

என்னைக் கேட்டால், ஏ5 வாங்குகிறவர்களுக்கு ஆரம்பத்தில் 10, 30, 5எஃப் மூன்றும் போதும். 10 வயிற்றடிக்கும், மலத்துவாரத்தைச் சுற்றியும், சடையைத் தோலை ஒட்டி வெட்டி எடுக்கவும். 5எஃப் உடம்பைக் குட்டையாக வெட்ட. 30 என்பது பிளேடின் மேலே மாட்டும் சீப்புக்கு அடியில் இருக்க. டெடி பொம்மை மாதிரி உடம்பில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் முடி விட விரும்புகிறவர்களுக்கு அந்த மாட்டும் சீப்புதான் வழி, அதில் ஸ்டீலில் வருவது பிளாஸ்டிக்கைவிட முடிக்குள் நன்றாக வழுக்கிப் போகும். ஒரே ஒரு எச்சரிக்கை: வெட்டும்போது சீப்பு கழன்று விழுந்தால் 30 பிளேடு நேராகத் தோலில் உட்காரும், ஒரு கோடு மொட்டையாகிவிடும். மாட்டியதும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். சிக்கு இருக்கிற முடியில் இந்தச் சீப்பு ஓடவே ஓடாது, அங்கேயே நின்றுவிடும்.

குளிப்பாட்டிய பிறகுதான் வெட்ட வேண்டும், குளிப்பாட்டுவதற்கு முன் சிக்கெடுக்க வேண்டும். ஈரம் பட்டால் சடை இன்னும் இறுகிவிடும், அழுக்கு முடியில் ஓட்டினால் பிளேடு மழுங்கிவிடும். அப்புறம் காயவைப்பது. தானாகக் காயவிட்டால் முடி திரும்பச் சுருண்டுகொள்ளும், சுருண்ட முடியை வெட்டினால் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். காற்றை அடித்துக்கொண்டே பிரஷ்ஷால் நீட்டி நீட்டிக் காயவைத்தால் முடி நிமிர்ந்து நிற்கும், அப்போது வெட்டினால்தான் ஒரே சீராக இருக்கும். நாய்களுக்கான வேகக் காற்று ட்ரையர் சூட்டை நம்பாமல் காற்றின் வேகத்தால் தண்ணீரைத் தள்ளுகிறது. பணம் இருந்தால் மெஷினை ஒரு படி குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள் என்பேன். முகத்திலும் காதுக்குள்ளும் அடிக்காதீர்கள். வீட்டு ஹேர் ட்ரையர்தான் இருக்கிறது என்றால் சூடு குறைவாக வைத்து, உங்கள் கை எப்போதும் அந்தக் காற்றில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது முடி வளர்கிற திசையில், பிளேடைத் தோலோடு படுக்க வைத்து ஓட்டுங்கள், நுனியைக் குத்தக் கூடாது. எதிர்த் திசையில் ஓட்டினால் அதே பிளேடில் இன்னும் குட்டையாகிவிடும். அக்குள், தொடைக்கு முன்னால் தொங்குகிற மடிப்பு, காது ஓரம், முலைக்காம்பு, இங்கெல்லாம் இன்னொரு கையால் தோலை நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு முறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும். அணைத்து ஆறவிடுங்கள், அல்லது இன்னொரு பிளேடு மாற்றுங்கள். தொடங்கும்போதும் நடுவிலும் முடிந்த பிறகும் பற்கள் மேல் இரண்டு மூன்று சொட்டு கிளிப்பர் எண்ணெய், சமையல் எண்ணெய் கூடாது, பிசுபிசுத்துவிடும். பிளேடு இழுக்கிறது, கோடு விழுகிறது என்றால் உடனே சாணைக்குக் கொடுக்காதீர்கள், முதலில் அடைத்த முடியைத் தட்டி எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

கத்தரிக்கோல் இரண்டு: ஏழு அங்குலத்தில் வளைந்தது ஒன்று, கண் பக்கத்துக்கு நுனி உருண்டையானது ஒன்று. சடையை மட்டும் எந்தக் கத்தரிக்கோலாலும் வெட்டாதீர்கள். சடையோடு தோலும் மேலே இழுபட்டு வரும், எங்கே முடி முடிந்து எங்கே தோல் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு 10 பிளேடுதான், அடியில் மெதுவாக விட்டு. சடை பெரிது என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு குட்டையாக எடுத்துவிடுங்கள், மணிக்கணக்கில் இழுத்து அவளை வதைக்க வேண்டாம், முடி வளர்ந்துவிடும். காது முழுக்கச் சடை என்றால் மட்டும் கால்நடை மருத்துவரிடமோ கைதேர்ந்த க்ரூமரிடமோ விட்டுவிடுங்கள். அதை எடுத்ததும் சில நாய்கள் தலையை விடாமல் உதறும், அதில் காதுமடலுக்குள் ரத்தம் கட்டிக்கொள்வதுண்டு.

மேஜையில் நிற்க வைத்தால் வழுக்காத ரப்பர் பாய் விரியுங்கள், ஒரு நொடிகூட அவளைத் தனியே விட்டு நகராதீர்கள். மெஷின் வந்த அன்றே வெட்டவும் வேண்டாம். சில நாள் பக்கத்து அறையில் ஓடவிட்டு, அப்புறம் அணைத்த மெஷினை முதுகில் வைத்து, அப்புறம் ஓடுகிற மெஷினின் பின்பக்கத்தைத் தோளில் வைத்து, ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். முதல் நாள் உடம்பு மட்டும் வெட்டினால் போதும். பாதத்தையும் முகத்தையும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.