எலெக்‌ஷன் டைம்ல சுத்துற பொய்யை நியூஸ் டெஸ்க்ல எப்படி பிடிக்கிறது

2024 லோக்சபா எலெக்‌ஷன்ல நம்ம தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவு, அதுக்கு முந்தின ரெண்டு மூணு நாளா எங்க டெஸ்க் வாட்ஸ்அப்புக்கு ஒரே மெசேஜ் திரும்பத் திரும்ப வந்துச்சு. லிஸ்ட்ல பேர் இல்லையா, ஆதார் காட்டி 49ஏ-ல சேலஞ்ச் ஓட்டு கேளுங்க, பூத்ல 14 சதவீதத்துக்கு மேல டெண்டர் ஓட்டு விழுந்தா மறுபடி ஓட்டுப்பதிவுன்னு. 2019லயும் சுத்தின அதே மெசேஜ்தான். இதை நம்பி ஒரு வயசான அம்மா அந்த வெயில்ல வரிசைல நின்னு ஓட்டு போடாம திரும்புறதை நினைச்சாலே மனசு கேக்கல.

இந்த மாதிரி வந்தா முதல்ல பாக்க வேண்டியது, இதை நாம எடுக்கணுமா வேணாமான்னு. ஒண்ணு ரெண்டு குரூப்ல மட்டும் இருக்கிற பொய்யை நாம எழுதினா நாமளே ஊருக்கு சொன்ன மாதிரி ஆயிடும், மூணு நாலு மாவட்ட ரிப்போர்ட்டருங்க "இது உண்மையாண்ணே"ன்னு கேக்க ஆரம்பிச்சா எடுத்துடுங்க.

அடுத்து, அதிகாரி மறுத்தார்னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க, விதியை எடுத்து படிங்க. 1961 தேர்தல் நடத்தை விதிகள்ல 49பி-ன்னு (B இல்ல, இங்கிலீஷ் P) ஒண்ணு நிஜமாவே இருக்கு, உங்க பேர்ல வேற யாரோ ஓட்டு போட்டுட்டா நீங்க டெண்டர் ஓட்டு போடலாம், மெஷின்ல இல்ல, பேப்பர் சீட்டுல, அதை தனி கவர்ல வச்சிடுவாங்க. சேலஞ்ச்ங்கிறது வேற, வந்தவர் அந்த ஆளே இல்லன்னு பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கிறது. ஓட்டர் போய் கேக்குற விஷயமே இல்ல அது. லிஸ்ட்ல பேர் இல்லன்னா எந்த கார்டு காட்டினாலும் ஓட்டு கிடையாது, 14 சதவீதம்ங்கிறது எந்த விதிலயும் இல்ல. பாதி உண்மை கலந்த பொய்ங்கிறதால எது நிஜம் எது இட்டுக்கட்டினதுன்னு பிரிச்சு சொல்லணும், மொத்தமா பொய்னு தள்ளினா 49பி தெரிஞ்சவங்க நம்மளத்தான் நம்ப மாட்டாங்க.

தலைப்புல பொய்யை வைக்கவே கூடாது. "49ஏ-ல ஓட்டு போட முடியுமா?"ன்னு போட்டா முக்கால்வாசி பேர் அதை மட்டும் படிச்சிட்டு போயிடுவாங்க, அதனால "லிஸ்ட்ல பேர் இருந்தாதான் ஓட்டு, 1950க்கு போன் பண்ணி இன்னைக்கே பாத்துக்கங்க"ன்னு போடுங்க. லிங்க்கை யாரும் திறக்கிறதில்ல, பொய் ஃபார்வர்டா வந்துச்சுன்னா பதிலும் ஃபார்வர்ட் பண்ற மாதிரி நாலு வரியில இருக்கணும்.

போலி நியூஸ் கார்டுக்கு நாங்க பட்ட பாடு சொல்றேன். எங்க லோகோவோட ஒரு வேட்பாளர் சொன்னதா ஒரு கார்டு வந்துச்சு, நாங்க அதையே எடுத்து மேல மூலையில சின்னதா போலின்னு போட்டு வெளியிட்டோம், ஒரு மணி நேரத்துல எவனோ அந்த மூலையை மட்டும் கட் பண்ணி எங்க கார்டையே சுத்த விட்டுட்டான். அன்னைலருந்து முத்திரை குறுக்க, எழுத்து மேலயே விழும், படத்தையும் மங்கலாக்கிடுவோம். பக்கத்துலயே ஒரிஜினல் கார்டையும் வச்சு ஃபான்ட் எங்க மாறுது, தேதி எங்க இடிக்குதுன்னு காட்டுங்க.

வீடியோன்னா முழு பேச்சை தேடி பிடிக்காம விடாதீங்க. 2024 ஏப்ரல்ல அமித் ஷா எஸ்சி, எஸ்டி, ஓபிசி இடஒதுக்கீட்டை எடுப்போம்னு சொன்னதா பரவின வீடியோ, 2023 ஏப்ரல்ல தெலங்கானா செவெள்ளால முஸ்லிம் இடஒதுக்கீட்டைப் பத்தி பேசினதை வெட்டி ஒட்டினது. இந்த மாதிரி வீடியோலருந்து நாலஞ்சு ஃப்ரேமை எடுத்து ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல, அதாவது படத்தை வச்சே நெட்ல தேடுறதுல போடுங்க, மேடை பேனர், மைக், துண்டு எல்லாம் எந்த கூட்டம்னு காட்டிக் கொடுக்கும், அப்புறம் அந்த கூட்டத்தோட முழு வீடியோவை ஓட விட்டு வெட்டின இடத்தை வாசகருக்கு செகண்டோட சொல்லுங்க. ஏஐ குரல் மாதிரி சந்தேகம்னா காதை நம்பி முடிவு பண்ணாதீங்க, டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்னு 2024 மார்ச்ல வாட்ஸ்அப் டிப்லைன் (சந்தேகமான ஆடியோ, வீடியோவை அனுப்பி கேக்குற நம்பர்) ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி ஆளுங்க கிட்ட அனுப்பி கேளுங்க.

கடைசி 48 மணி நேரம் பிரசாரம்தான் ஓயும், ஃபார்வர்ட் ஓயாது. அந்த ரெண்டு ராத்திரியும் டெஸ்க்ல ஒரு ஆள் கண்டிப்பா முழிச்சிருக்கணும், மாவட்ட தேர்தல் அதிகாரி ஆபீஸ் நம்பர் எல்லாம் முன்னாடியே எழுதி கைல வச்சிருக்கணும்.