பிளட்லைன்ஸுக்குத் திரும்பிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் செம்பனைதான். மழை விட்ட இரவுகளில் மட்டைகளிலிருந்து நீர் சொட்டுவது ஜன்னல் வரைக்கும் கேட்கும். போன பள்ளி விடுமுறையில் அப்படி ஓர் இரவில் அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நாமே ஒரு வாம்பயராக நடமாடும் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்’ கேமைத் திறந்து கொடுத்தேன். இரண்டு மணி நேரம் பொறுமையாக விளையாடினான். அப்புறம் கேட்டான்: “மாமா, இதையா இவ்வளவு பெருசா சொன்னீங்க?”

அவன் மேல் குற்றமில்லை. நான் ஆரம்பித்து வைத்த விதம்தான் தவறு. அதே தவறுகளை, பல வருடங்களுக்குப் பிறகு இந்தக் கேமுக்குத் திரும்பும் பலரும் செய்கிறார்கள். செய்துவிட்டு, ஒன்று “காலம் கடந்துவிட்டது” என்கிறார்கள், இல்லையென்றால் “இதற்கு ஈடு இணையே கிடையாது” என்கிறார்கள். இரண்டுமே சரியான தீர்ப்பு இல்லை.

முதல் தவறு, கேமை அப்படியே போட்டு ஓட்டுவது. பிளட்லைன்ஸ் வெளிவந்த நாள் 2004 நவம்பர் 16. ‘ஹாஃப்-லைஃப் 2’ வந்ததும் அதே நாள்தான். இரண்டுக்கும் அடித்தளம் சோர்ஸ் எஞ்சின் என்ற ஒரே மென்பொருள். அந்த எஞ்சின் முழுதாக முடியும் முன்பே, பிளட்லைன்ஸை உருவாக்கிய ட்ரோய்க்கா கேம்ஸ் அதில் வேலையைத் தொடங்கியிருந்தது. கேமும் பல குறைகளோடுதான் கடைக்கு வந்தது. 2005-இல் நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு குறைகளைத் திருத்தியவர்கள் ரசிகர்கள்தான். அவர்களுடைய ‘அன்அஃபிஷியல் பேட்ச்’ என்ற திருத்தத் தொகுப்பு இருபது வருடங்களாகத் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. அது இல்லாமல் திறந்தால், இன்றைய கணினியில் நினைவகம் போதவில்லை என்று பிழை காட்டி ஆரம்பத்திலேயே நின்றுவிடுவதுண்டு. கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் வாங்கினால் பேட்ச் சேர்ந்தே வரும்.

பேட்சில் இரண்டு வகை உண்டு: பேசிக், பிளஸ். பேசிக் பழுதுகளை மட்டும் திருத்துகிறது. பிளஸ், வெட்டி எறியப்பட்டிருந்த பகுதிகளையும் தேடியெடுத்துச் சேர்க்கிறது, சில விஷயங்களை மாற்றவும் செய்கிறது. பழைய கேமை எடைபோட வேண்டும் என்றால் பேசிக் போதும். பிளஸ் போட்டு விளையாடிவிட்டு ட்ரோய்க்காவைப் பாராட்டினால், பாதிப் பாராட்டு வேறு ஆட்களுக்குப் போகவேண்டியது.

அடுத்தது, நம் வாம்பயர் எந்தக் குலம் என்பது. ஏழு குலங்களில் ஒன்றை எடுக்கலாம்: புரூஹா, கேங்ரல், மல்கேவியன், நாஸ்ஃபெராட்டு, டோரியடோர், ட்ரெமிர், வென்ட்ரூ. பழைய நினைப்பில் முன்பு எடுத்த குலத்தையே மறுபடி எடுப்பார்கள். மறு ஆட்டத்தில் இது பெரிய நஷ்டம். இங்கே குலம் என்பது சண்டைத் திறமைகளின் பட்டியல் மட்டும் இல்லை; ஊர் உங்களைப் பார்க்கிற பார்வையே அதோடு மாறுகிறது. நாஸ்ஃபெராட்டுவின் முகம் அவ்வளவு விகாரமானது. மனிதர் கண்ணில் பட்டாலே, வாம்பயர்கள் இருக்கிறார்கள் என்ற ரகசியம் உடைந்ததாகக் கணக்கு. அப்படி ஐந்து முறை உடைந்தால் ஆட்டம் முடிந்துவிடும். தெருவில் நடக்கும் அதே நகரத்தை அவன் சாக்கடை வழியாகக் கடக்க வேண்டும். வென்ட்ரூவுக்கு எலி ரத்தம் ஆகாது, தெருவில் படுத்துக்கிடப்பவனின் ரத்தத்தைக் குடித்தால் வாந்தி வரும்.

மல்கேவியனை எடுத்தால் வசனங்களே வேறு. மனம் பிறழ்ந்த குலம் அது. சாலையோர நிறுத்தப் பலகையோடு சண்டை பிடிக்கும், தொலைக்காட்சி செய்தி வாசிப்பவரோடு பேசும், பின்னால் வரப்போகும் ரகசியங்களை முதல் சந்திப்பிலேயே விடுகதையாகப் போட்டு உடைக்கும். கதை தெரிந்தவருக்கு அது விருந்து. புதியவருக்கு ஒன்றும் விளங்காது. நான் அக்கா மகனுக்குக் கொடுத்தது அதைத்தான். இரண்டாம் தடவை அவனுக்கு டோரியடோர் எடுத்துக் கொடுத்தேன். பேச்சு அவர்களுக்கு இயல்பாக வரும், வேகமும் உண்டு, நம் செயல்களைப் பொறுத்து ‘மனிதத் தன்மை’ என்ற மதிப்பு ஏறுவதும் இறங்குவதும் அவர்களுக்கு இரட்டிப்பு. நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு முடிவிலும் யோசிக்க வைக்கும் குலம்.

திறமைகளுக்குப் பாயிண்ட் போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஆட்களைக் கொல்வதற்குப் பாயிண்ட் கிடையாது, வேலையை முடித்தால்தான் கிடைக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாரையும் அடித்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் துப்பாக்கியில் போட்டுவிட்டு “பேச்சு ஒன்றும் பிரமாதமில்லை” என்பவர்களும் உண்டு. சம்மதிக்க வைப்பது, மிரட்டுவது, மயக்குவது என்று மூன்று வகைப் பேச்சுத் திறமை இருக்கிறது. திறமை போதவில்லை என்றால் அந்த வசனமே திரையில் வராது. வராத வசனத்தை எப்படி எடைபோடுவது?

கேம் தொடங்கும் பகுதியான சாண்டா மோனிகாவில் ஒரு கிளப்பை நடத்தும் தெரீஸ், ஜேனட் என்ற இரண்டு சகோதரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குள் சண்டை முற்றும்போது ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியை இழக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சரியாகப் பேசினால் இருவரையுமே காப்பாற்றலாம். அந்தக் காட்சியில் துப்பாக்கிக்கு ஒரு வேலையும் இல்லை. முகத்துக்கு முகம் நின்று, எதிரில் இருப்பவளின் கண்ணையும் உதட்டையும் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். 2004-இல் வந்த முகங்கள்தான். ஆனாலும் கோபம் அடங்குவது புருவத்தில் தெரிகிறது.

ஆனால் முழுக்கப் பேச்சிலேயே போடவும் கூடாது. ஹாலிவுட்டைத் தாண்டும்போது பேசிச் சமாளிக்க முடியாத எதிரிகள் வருவார்கள். அதற்குள் கத்தியிலோ கைச்சண்டையிலோ கொஞ்சமாவது ஏற்றியிருக்க வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் மனத்தாங்கலான தவறு. அவசரம். வேலைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளிப் போவது. ஓஷன் ஹவுஸ் ஹோட்டலை அப்படிக் கடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முடித்தவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் ரத்தம் குடிக்கும் பிறவி. சாதாரண மனிதன் உங்களைக் கண்டு நடுங்க வேண்டும். அப்படிப்பட்ட உங்களை, எரிந்து பாழான ஒரு ஹோட்டலுக்குள் ஒரு பொருளை எடுத்துவரச் சொல்லி அனுப்புகிறார்கள். உள்ளே அடிக்க ஆளில்லை. கடிக்கக் கழுத்தில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன, பொருள்கள் பறந்து வந்து மோதுகின்றன, நடைவழியின் கோடியில் ஒரு பெண் தெரிந்து மறைகிறாள். அங்கங்கே கிடக்கும் காகிதங்களைப் படித்தால், அந்தக் குடும்பத்தில் என்ன நடந்தது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்பே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போனவர். அவர் சொன்ன பேய்க் கதைகள் எதிலும் பேய் வந்ததே இல்லை. இங்கே வைத்த பால் வாளி நாலு மரம் தள்ளி இருந்ததாம். பின்னால் யாரோ சருகு மிதிக்கிற சத்தமாம், இவர் நின்றால் அதுவும் நின்றதாம். அவ்வளவுதான். லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்ட எங்களுக்கு அன்று ராத்திரி கொல்லைப் பக்கம் போகத் துணை வேண்டியிருந்தது. ஓஷன் ஹவுஸும் அதே வழியில்தான் பயத்தை ஏற்றுகிறது. அதனால் விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து போங்கள். அக்கா மகன் படிக்கட்டு இடிந்த இடத்தில் என் கையைப் பிடித்தான். பதினாறு வயது.

ஹெதர் என்ற பெண்ணையும் அவசரக்காரர்கள் தவறவிடுவார்கள். சாண்டா மோனிகா கிளினிக்கின் உள்ளறையில், சாகும் நிலையில் படுத்திருப்பாள். உங்கள் ரத்தத்தைக் கொஞ்சம் கொடுத்தால் பிழைப்பாள். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கிளம்பிவிடுவீர்கள். பிற்பாடு அவள் உங்களைத் தேடிக்கொண்டு வருவாள். அந்த ரத்தம் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. உடையை மாற்றச் சொன்னால் மாற்றுவாள். உங்களுக்குப் பசிக்குமே என்று ஓர் ஆளையே வீட்டுக்கு இழுத்துவந்து வைத்திருப்பாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறி, அந்தக் கடனுக்கே கட்டுப்பட்டுக் கிடந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செய்த உதவியே விலங்காக மாறுவதை நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வாம்பயர் என்றால் பல்லும் ரத்தமும் மட்டும் இல்லை என்பதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய இன்னொரு கேமை நான் விளையாடியதில்லை.

இவ்வளவு பிடித்திருந்தாலும், குறைகளை மூடி மறைப்பதும் தவறுதான். பழைய பாசத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஹாலிவுட் சாக்கடைப் பகுதி நீளம், அலுப்பு; ஒரே மாதிரி கோர உருவங்களை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசி மூன்றிலொரு பங்கில் பேச்சு குறைந்து சண்டை கூடிவிடுகிறது. சண்டையோ இந்தக் கேமின் பலவீனமான பக்கம். ட்ரோய்க்காவுக்கு இருந்த நெருக்கடி தெரிந்ததுதான், ஆனால் நெருக்கடியைக் காரணம் காட்டி அலுப்பை ரசனை என்று சொல்ல முடியாது.

சைனாடவுன் எனக்கு இன்னும் உறுத்துகிறது. தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன, ஆட்கள் பேசும் ஆங்கிலம் கேலிக்குச் செய்தது போல இருக்கிறது. எங்கள் ஊரில் மளிகைக் கடைக்கார சீன அங்கிள் என் அம்மாவோடு தமிழிலேயே கணக்குப் பேசுவார். அவரைப் போன்றவர்களோடு ஒரே வரிசை வீட்டில் வளர்ந்தவனுக்கு, அந்தச் சைனாடவுனில் உயிருள்ள ஓர் ஆளைக்கூடப் பார்த்த மாதிரி இல்லை. சாண்டா மோனிகாவில் சின்னக் கதாபாத்திரத்துக்கும் அவ்வளவு மெனக்கெட்டவர்கள், இங்கே அந்த அக்கறையைக் காட்டவில்லை.

இன்னொன்று, வழிகாட்டிக் குறிப்புகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு விளையாடாதீர்கள். கதவு திறக்கவில்லை, வழி தெரியவில்லை என்றால் பார்க்கலாம். யாரிடம் என்ன சொல்வது என்பதற்குப் பார்க்கவே கூடாது. தப்பாகச் சொல்லி, அது பத்து மணி நேரம் கழித்து உங்களைத் தேடி வருவதில்தான் இந்தக் கேம் இருக்கிறது.

விடுமுறை முடிந்து அக்கா மகன் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டான். அவனுடைய லேப்டாப்பில் பேசிக் பேட்ச் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் வந்தான்: “மாமா, ஹெதரை அனுப்பிடவா, கூடவே வச்சிக்கவா?” எப்போது அனுப்புகிறோம் என்பதில் அவள் உயிரே இருக்கிறது. எனக்குப் பதில் தெரியும். “நீயே யோசி” என்று மட்டும் எழுதினேன். ரொம்ப நேரம் ‘டைப்பிங்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது.