கழிவுக் கிளிசரோலும் புளித்த கள்ளும்: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

வடைக் கடையில் மிஞ்சும் எண்ணெயைப் பயோடீசலாக்குபவர்களுக்கு அடியில் தேங்கும் பழுப்புக் கூழ் பெரிய தலையிடி, பத்துக் கிலோ எண்ணெய்க்கு ஒரு கிலோ கிளிசரோலாவது வரும். அதை டைஐதரொட்சி அசற்றோனாக மாற்றும் குளுக்கோனோபக்டர் என்ற பற்றீரியா நம்முடைய தவறணைக் கள்ளிலேயே இருக்கிறது. வெயிலில் நிற்காமலே தோலைக் கறுக்க வைக்கும் கிறீம்களில் சேர்ப்பது இந்தப் பொருளைத்தான். பாடசாலையின் உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். குசினியில் வேண்டவே வேண்டாம்.

சுத்தம் செய்வதில்தான் முக்கால்வாசி வேலை. கூழில் மெதனோல், சவர்க்காரம், காரம் எல்லாம் கிடக்கும். மெதனோல் 65 பாகையிலேயே கொதிக்கும், ஆவி நஞ்சு, தீயும் பிடிக்கும், ஆகவே நெருப்பில்லாமல் மின்சார வெந்நீர்த் தொட்டியில், ஆவியை வெளியே இழுக்கும் அலுமாரிக்குள் வைத்துத்தான் போக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கேட்டுப் பாருங்கள். அப்புறம் அதேயளவு தண்ணீர் சேர்த்து, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பீஎச் 4 வரை கொண்டுவந்தால் சவர்க்காரம் உடைந்து கொழுப்பமிலம் மேலே மிதக்கும். ஓர் இரவு விட்டு அதை வழித்தெடுத்து, காரம் விட்டு பீஎச்சை 6 ஆக்குங்கள். பக்கத்திலேயே பாமசிக் கிளிசரினிலும் (அதுவும் கிளிசரோல்தான்) பற்றீரியா வளர்க்கும் தட்டு ஒன்று செய்தால் பிழை கூழிலா பற்றீரியாவிலா என்று தெரியும்.

ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கிளிசரோல் 30 கிராம், மதுவச் சாற்றுத் தூள் 5, கரைசலைக் கூழாக உறைய வைக்கும் ஏகார் 15. குளுக்கோசு சேர்க்காதீர்கள், டைஐதரொட்சி அசற்றோனைக் கண்டுபிடிக்கப் பிறகு ஊற்றப்போகும் நீல நிறப் பீலிங்கின் கரைசலை அதுவும் சிவப்பாக்கிவிடும். பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் அவித்துத் தட்டுகளில் ஊற்றுங்கள்.

சில நாள் திறந்திருந்து புளித்த பனங்கள்ளில் ஒரு துளியைத் தட்டின் மேல் கோடுகோடாக இழுத்து விடுங்கள். மதுவமும் வளரும், அதனால் தட்டில் புள்ளிபுள்ளியாக வளரும் சின்னக் கூட்டங்களைப் பொறுக்கித் திரும்பத் திரும்பக் கோடிழுத்து ஒரே வகையாக்க வேண்டும். நமக்கு வேண்டிய குளுக்கோனோபக்டருக்கு 30 பாகைக்கு மேல் பிடிக்காது, கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வன்னியில் குளிரூட்டி இல்லாத அறையில் வைத்தால் வளராது.

சரி, சோதனை. முதலில் ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்சம் வேறு தட்டுக்கு மாற்றுங்கள், கரைசல் பட்டால் பற்றீரியா செத்துவிடும். பிறகு பீலிங்கின் கரைசலைச் சூடாக்காமல் ஊற்றுங்கள். அரை மணிக்குள் எந்தக் கூட்டத்தைச் சுற்றிச் செங்கட்டி நிற வளையம் வருகிறதோ, அதுதான் ஆள். கிளிசரோல் தனியே இப்படி நிறம் தராது.

அந்த ஆளை ஏகார் இல்லாத கரைசலில் வளர்க்கும்போது குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், பஞ்சால் அடைத்து, ஆட்டிக்கொண்டே இருங்கள். கிளிசரோலிலிருந்து பிடுங்கும் இலத்திரனை அது ஒட்சிசனிடம்தான் கொடுக்கிறது, காற்றில்லாவிட்டால் வேலை நின்றுவிடும்.

கிடைப்பது தூய்மையற்ற கரைசல், தோலில் பூச வேண்டாம். எல்லாத் தட்டுகளையும் கொட்டுமுன் மறுபடியும் குக்கரில் அவியுங்கள்.