கோத்தகிரியில் ஒரு அமெரிக்கக் கண்காட்சி: நன்கொடை கேட்பது எப்படி?

கோத்தகிரியில் ஒரு சின்ன அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் இருப்பது ஓடு போட்ட ஒரே ஒரு கூடம். அமெரிக்க ஓவியம், ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்களின் படைப்புகள் என்று கண்காட்சி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஃபவுண்டேஷனுக்கு எழுதலாம்க்கா?" என்பதுதான். அதைக் கடைசியில் கேளுங்கள். பணம் எந்தக் கணக்கில் வந்து விழ முடியும் என்று முதலில் பாருங்கள். சுவரில் என்ன தொங்கும் என்பதையே அதுதான் முடிவு செய்யும்.

வெளிநாட்டு அமைப்பு தரும் ஒவ்வொரு ரூபாயும் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். தூதரகம் கொடுத்தாலும் அப்படித்தான். அந்தச் சட்டப்படி பதிவு வாங்க, அமைப்பு தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் சொந்த நோக்கங்களுக்காக 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வரும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவுள்ள பெரிய அமைப்பு ஒன்று வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியை 2020 திருத்தம் அடைத்துவிட்டது. ஆனால் அந்த அமைப்பே கண்காட்சியை நடத்தலாம். பிரிண்ட் செலவு, வண்டி வாடகை எல்லாவற்றையும் தன் கணக்கிலிருந்தே கொடுத்துவிட்டு, நம் கூடத்தை இடமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பில் அவர்கள் பெயரில் இருக்கட்டும், கூட்டம் நம் ஊரில் கூடட்டும். சின்ன அமைப்புகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

நியூ ஜெர்ஸியில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் தர முன்வந்தால், கூச்சப்படாமல் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கிரீன் கார்டு இருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், கூடப்பிறந்த அண்ணனே ஆனாலும் அது வெளிநாட்டுப் பணம்தான்.

உள்ளூர்க் கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சி.எஸ்.ஆர். பணம் இன்னொரு வழி. 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியச் சின்னங்கள், கலை, பண்பாடு, கைவினை எல்லாம் இருக்கின்றன. உங்களிடம் வரி விலக்குக்கான 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு மூன்றும் தயாராக இருக்க வேண்டும். இந்தியாவுக்கு வெளியே நடக்கும் வேலைக்கு இந்தப் பணம் உதவாது. கம்பெனி விளம்பரத்துக்காக ஸ்பான்சர் செய்வதும் சி.எஸ்.ஆர். ஆகாது; பேனர் முழுக்கத் தங்கள் லோகோ வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் அமெரிக்கக் கலை என்று போனால் மேனேஜர் முழிப்பார். நம் நீலகிரித் தோடர் பழங்குடியினரின் எம்பிராய்டரியை அதன் பக்கத்தில் வையுங்கள், காது கொடுப்பார்.

இது பணத்துக்காகப் போடும் ஒட்டு இல்லை. அலபாமாவில் ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் உழைத்துத் தேய்ந்த வேலைத் துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டு, போர்வை தைத்தார்கள். 2002-ல் அவை ஹூஸ்டன் மியூசியத்தின் சுவரில் ஏறின. 1937-ல் ஆர்தர் ரோத்ஸ்டைன் அமெரிக்க அரசுக்காக அந்த ஊரில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. மரக் கட்டை அடுக்கிக் கட்டிய வீட்டின் ஜன்னலோரம் ஒரு சிறுமி. திறந்திருக்கும் ஜன்னல் கதவின் உட்புறம் முழுக்கப் பழைய நாளிதழ் ஒட்டியிருக்கிறது. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தத் தாள் குளிரைத் தடுக்கத்தான் என்று விளக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் "ஏன் உங்கள் ஊரில்?" என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது இப்படி ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பேசுங்கள். 'பண்பாட்டுப் பாலம்' என்றெல்லாம் ஆரம்பித்தால் படிப்பவர் அடுத்த கவரைப் பிரித்துவிடுவார்.

அரசு வேலையாக எடுத்த அந்தப் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் காப்புரிமைத் தடை இல்லாமல் கிடைக்கின்றன. ஹென்றி ஒசாவா டானர் மாதிரி முன் தலைமுறை ஓவியர்களுக்கு ஸ்மித்சோனியனின் திறந்த தொகுப்பைத் தேடுங்கள். கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் 2000-ல்தான் இறந்தார். அவர் படத்துக்கு உரிமைக் கட்டணம் உண்டு, அதை பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள்.

அசல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவல் தரும் மியூசியம் முதலில் கேட்பது கூடத்தைப் பற்றிய அறிக்கை. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஆடாமல் நிற்குமா, தீயணைப்பு என்ன, இரவில் யார் காவல், துணிக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்குள் இருக்குமா என்பார்கள். ஐப்பசியில் மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்து உட்காரும் ஊர் இது. பிரிண்ட் போதும். பருத்திக் காகிதத்தில் போடுங்கள். ஃப்ரேமின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து விரலளவு தள்ளி மாட்டுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பின்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். மாசி, பங்குனி நல்ல காலம். கூட்டம் வேண்டுமென்றால் மே மாத சீசன், கோடை மழையைச் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஃபவுண்டேஷன். சிகாகோவின் டெரா ஃபவுண்டேஷன் அமெரிக்கக் கலையை மற்ற நாடுகளில் காட்டவும் உதவுகிறது. லூஸ் ஃபவுண்டேஷன் 1982 முதல் அமெரிக்கக் கலைக்கென்றே ஒரு திட்டம் வைத்திருந்தாலும் அதன் கவனம் பெரும்பாலும் அங்குள்ள மியூசியங்கள்மேல்தான். விதிமுறைகள் வருடத்துக்கு வருடம் மாறும், அவர்கள் தளத்தைப் பார்த்துவிட்டே எழுதுங்கள். முதலில் ஒரு பக்க விசாரிப்புக் கடிதம் போதும்.

கேட்கும்போது சலிப்பான செலவுகளையும் தைரியமாகக் கேளுங்கள்: தமிழ் விளக்கப் பலகை, மொழிபெயர்ப்பாளர் சம்பளம், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர வேன், ஈரம் உறிஞ்சும் இயந்திரம், அதன் கரண்ட் பில். ஜேக்கப் லாரன்ஸ் 1940-ல் ரோசன்வால்ட் நிதி என்ற அமெரிக்க அறக்கட்டளையிலிருந்து வாங்கிய உதவித்தொகையில்தான் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்தார். கறுப்பின மக்கள் தெற்கிலிருந்து வடக்கே போன கதையைச் சொல்லும் 60 பலகை ஓவியங்கள் அப்படித்தான் வந்தன. இன்று ஒற்றைப்படை எண்கள் வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலெக்‌ஷனிலும் இரட்டைப்படை எண்கள் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியத்திலும் இருக்கின்றன. வாடகை கேட்பது கேவலமில்லை.

முடிந்த பிறகு, வந்தவர்கள் பதிவேடு, பள்ளிகளின் பெயர், செலவுச் சீட்டு, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, கெடுவுக்கு முன்பே அறிக்கை அனுப்புங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ளவர்கள் எஃப்.சி-4 என்ற வருடக் கணக்குப் படிவத்தை டிசம்பர் 31-க்குள் போட வேண்டும். அந்த வருடம் ஒரு பைசா வரவில்லை என்றாலும் பூஜ்யம் என்று எழுதியாவது போட வேண்டும்.