பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி

வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க மத்திய சமூக நீதி அமைச்சகம் தரும் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் என்ற உதவித்தொகைக்கு என் மகள் விண்ணப்பித்தாள். சாதிச் சான்றிதழ், ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குள் என்ற வருமானச் சான்று, 60 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகம் என எல்லாம் இருந்தும் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பவானியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு சேர்க்கைக் கடிதத்தை விளக்கடியில் விரித்து வரிவரியாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பட்டம் முடித்த சான்று வந்த பிறகே இடம் உறுதி என்று இருந்தது. “அம்மிணி, இங்கே வந்து பார்” என்று கூப்பிட்டேன். திட்டம் கேட்பது நிபந்தனையற்ற கடிதம். அவள் இணைத்திருந்ததோ நிபந்தனையுள்ள கடிதம்!

விடிந்ததும் பஸ் ஏறிக் கோவை போனோம். கல்லூரியில் தற்காலிகப் பட்டச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் வாங்கி, ஸ்கேன் செய்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம். ஒன்பதாம் நாள் புதிய கடிதம் வந்தது. அந்த வரி அதில் இல்லை. அடுத்த சுற்றில் அதை இணைத்து விண்ணப்பித்தாள், தேர்வானாள். கல்விக் கட்டணத்தை இந்தியத் தூதரகமே பல்கலைக்கழகத்துக்குச் செலுத்துகிறது. அடகு வைக்க எடுத்த வீட்டுப் பத்திரம் மறுபடி பீரோவுக்குள் போய்விட்டது.